பெக்கோவுக்கு எந்த மணல்?

பதுளை
09.02.2025

ஜெயந்தினிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். மறந்துபோனதால் அல்ல.

உன் அம்மாவின் போனுக்கு ஆறு தரம் எடுத்தேன். ஒன்றில் மடுல்சீமையில் சிக்னல் இல்லை, அல்லது என் இலக்கத்தை நீ பிளாக் செய்துவிட்டாய். இரண்டாவதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால் தபாலில் எழுதுகிறேன். உங்கள் தேயிலைத் தோட்டத்தில் கடிதம் நேரே லயத்து வீடுகளுக்கு வராது, தோட்ட ஆபீஸ் மேசையில் கிடந்து யாராவது நினைத்துக்கொண்டால்தான் கைக்கு வரும் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆகவே அவசரமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனைக்கு எந்த மணல் போடுவது?

டிசம்பர் விடுமுறைக்கு நீ ஊருக்குப் போனபோது, “ரெண்டே ரெண்டு கிழம பார்த்துக்கடி” என்று பூனையையும் அரைச் சாக்குக் கறுப்பு மண்ணையும் என்னிடம் தந்தாய். பிறகு மண்சரிவு வந்து பாதை மூடியது. நீ பதுளைக்குத் திரும்பவே இல்லை. உன் அத்தை வீட்டிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாய். பூனை என்னிடம் நின்றுவிட்டது. மண் மட்டும் முடிந்துவிட்டது. சாக்கின் அடியில் ஒரு பிடி இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீடு கடைக்கு மேலே என்பது உனக்குத் தெரியும். முற்றமும் கிடையாது, ஒரு செடிச்சட்டியும் கிடையாது. டவுன் கடையிலிருந்து ஒரு பாக்கெட் கேட் லிட்டர் மணல் வாங்கிப் போட்டேன். பூனை அதை முகர்ந்தது, தும்மியது, நேரே போய்ச் சோபாவுக்குப் பின்னால் காரியத்தை முடித்தது. நான்கு நாளாக இதுதான் நடக்கிறது. உம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு சமைக்கிறார்.

ஆறு மாதம் அதை வளர்த்தவள் நீ. நூலகத்தில் இருந்த பூனைப் புத்தகத்தை மூன்று தரம் இரவல் எடுத்தவளும் நீ. அதனால்தான் கேட்கிறேன், வேறொன்றுக்கும் இல்லை. பூனையைத் திருப்பித் தா என்று மட்டும் எழுதாதே. அந்தப் பேச்சு ஜனவரியில் போனிலேயே முடிந்துவிட்டது.

அதன் பெயர் இப்போது பிரின்சஸ்.

ஷாகிரா


மடுல்சீமை
18.02.2025

அன்புள்ள ஷாகிராவுக்கு,

உன் கடிதம் தோட்ட ஆபீசில் ஐந்து நாள் ஓய்வெடுத்துவிட்டு நேற்றுத்தான் வந்தது. “பதுளையிலருந்து ஒனக்கு யாரு புள்ள கடுதாசி போடுறா?” என்று கிளாக்கர் அய்யா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். “பழைய சிநேகிதி” என்றேன். ‘பழைய’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னேனா என்று நினைவில்லை.

ஜனவரியில் போனில் நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன். பெக்கோவைத் திருப்பித் தா என்று கேட்டபோது, “ஒங்கட லயத்துல மனுசருக்கே எடமில்ல, பூனைக்கு எங்கடி எடம்? இங்க அதுக்குச் சோபா இருக்கு” என்று சொன்னாய். நாங்கள் ஐந்து பேர். எங்களுக்குப் படுக்க ஒரு காம்பரா, சமைக்க ஒரு குசினி. நீ சொன்னது உண்மைதானே. உண்மையைச் சொன்னவர்மேல் கோபப்படுவது அறிவல்ல. ஆகவே ஒரு சொல் விடாமல் மறந்துவிட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். புத்தகத்திலிருந்து நான் எடுத்த குறிப்புகள் கொப்பியில் அப்படியே இருக்கின்றன.

களிமண் வகை நனைந்தால் கட்டியாகும். அள்ளுவது சுலபம், ஆனால் தூசி பறக்கும். நீ வாங்கியது அதுதான். சிலிக்கா வகை கண்ணாடி மணிபோல் இருக்கும், நாற்றத்தை உறிஞ்சிக்கொள்ளும். மரத்தூளும் உண்டு, ஆலையில் சும்மாவே தருவார்கள். கிழித்த பத்திரிகைத் தாள் குட்டிகளுக்கு மட்டும்.

எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்குச் சிலிக்காதான் பொருத்தம். மணி பெரிதாக இருக்கட்டும். வாசனை எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்கு மேலே காய்ந்த தோடம்பழத் தோலைத் தூவு, ஆரஞ்சு வாசம் நாற்றத்தை அடக்கும். தட்டுக்கு ஒரு மூடி போடு, பூனை கூச்சமுள்ள பிராணி. ஒவ்வொரு நாளும் கடுமையான கிருமிநாசினி ஊற்றித் தட்டைக் கழுவு. சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வை, அப்போதுதான் இடம் மறக்காது. சலவை இயந்திரத்தின் அருகே இடமிருந்தால் இன்னும் நல்லது, அந்தச் சத்தம் அதற்குத் துணையாக இருக்கும்.

இதையெல்லாம் செய்தும் சரிவராவிட்டால் நீ கஷ்டப்பட வேண்டாம். காற்றோட்டமான ஒரு பெட்டியில் வைத்து, மடுல்சீமை பஸ்ஸில் கண்டக்டர் கஜேந்திரன் அண்ணாவிடம் கொடுத்துவிடு. மரக்கறி, மருந்து, கலியாணப் பத்திரிகை எல்லாம் அவர் கையில்தான் இங்கே வந்து சேர்கின்றன. ஒரு பூனை அவருக்குப் பெரிய காரியமல்ல.

என்றும் அன்புடன்,
ஜெயந்தினி


பதுளை
24.02.2025

ஜெயந்தினிக்கு,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். எல்லாவற்றையும். பெரிய மணி சிலிக்கா, ரோஜா வாசனை. என் அக்கா பலீலா ராத்தா இரண்டு நாள் தோடம்பழமாகவே தின்று தோல் சேர்த்துத் தந்தார். மூடி போட்டேன். கிருமிநாசினி ஊற்றி ஊற்றி என் கைவிரல் தோல் உரிகிறது.

பூனை தட்டின் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டு, தீயை மிதித்ததுபோல் எடுத்து உதறியது. பிறகு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது. அதன்பிறகு நடந்தவை: வெள்ளிக்கிழமை என் பள்ளிச் சப்பாத்துக்குள். சனி கணிதக் கொப்பியின் மேல். ஞாயிறு, ராத்தா பெருநாளுக்கென்று தைத்து மடித்து வைத்திருந்த புது ஷல்வாரின் மேல். சிலிக்கா மணிகள் வீடெல்லாம் உருண்டு, உம்மா குசினியில் வழுக்கிக் கதவைப் பிடித்து நின்றார். “மகள், இது பூனையா, பழிவாங்க வந்த ஜின்னா?” என்று கேட்டார்.

ராத்தா என்னோடு பேசுவதில்லை. நோன்பு தொடங்கப் போகிறது. வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாப்பா ஒரே பிடியாக இருக்கிறார். “பெருநாளைக்கு முன்னுக்கு இதுக்கு ஒரு முடிவு வேணும்” என்றார்.

எங்கேயோ பிழைவிட்டிருக்கிறேன். வேறு வழி இருந்தால் எழுது. இம்முறை கொஞ்சம் தயவாகவே கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஷாகிரா

பி.கு: பஸ்ஸில் அனுப்பமாட்டேன். அதை மறந்துவிடு.


மடுல்சீமை
03.03.2025

அன்புள்ள ஷாகிராவுக்கு,

உன் கடிதத்தை வாசித்து மிகவும் வருந்தினேன். இரண்டாவது தரமும் வாசித்தேன். பிறகு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஷல்வார் வந்த இடத்தில் அம்மா, “ஐயோ பாவம்டி அந்தப் புள்ள, என்ன கலரு?” என்று கேட்டாள். நீ நிறத்தை எழுதவில்லை.

சிலிக்கா ஒத்துவராவிட்டால் மரத்தூளுக்கு மாறு. சவுக்கோ பைனஸோ, எண்ணெய் வாசம் உள்ள மரமாகப் பார்த்து வாங்கு. நாற்றம் தெரியாமல் இருக்க யூக்கலிப்டஸ் எண்ணெய் இரண்டு மூடி விடலாம். சோபாவை விட்டு விலக்க, அறைக் கதவுகளை எல்லாம் சாத்திவிடு. கீழே கடைக்கு இறங்கும் மாடிப்படிக் கதவை மட்டும் திறந்து வை. பூனைக்கு உலாவ இடம் வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு நம்பிக்கை இல்லை. சில பூனைகள் சோபா உள்ள வீடுகளில் பழகுவதே இல்லையாம். கஜேந்திரன் அண்ணாவின் பஸ் பின்னேரம் இரண்டரைக்குப் பதுளையிலிருந்து புறப்படுகிறது. உங்கள் கடையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

என்றும் அன்புடன்,
ஜெயந்தினி


பதுளை
11.03.2025

ஜெயந்தினிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசி.

உனக்குத் தெரியும், வாப்பாவின் கடையில் வாசலோரமாகத் தேயிலைச் சாக்குகள் வாய் திறந்து வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வருடமும் நோன்பு காலத்தில் பள்ளிவாசலுக்கு ஒரு சாக்குத் தேயிலை எங்கள் வீட்டுப் பங்கு. நோன்பு திறந்தபின் வருகிறவர்களுக்கெல்லாம் அதில்தான் தேநீர். வெள்ளிக்கிழமை அனுப்ப எடுத்து வைத்திருந்த சாக்கைக் கட்டப்போன வாப்பா, கையை உள்ளே விட்டவர், அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பூனை. ஒரு நாள் வேலையல்ல, மூன்று நான்கு நாள் வேலை. கிளறி, தோண்டி, மூடி, அழகாக.

அது பள்ளிவாசலுக்குப் போயிருந்தால் வாப்பா இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்திருக்க முடியாது. நேரே மேலே வந்தார். நான் அழுதுகொண்டே உன் சாக்கைக் காட்டி, “இந்த மண்ணு இருந்தா இப்படி நடந்திருக்காது வாப்பா” என்றேன். அடியில் கிடந்த ஒரு பிடியை எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்தார். முகர்ந்தார். முப்பது வருடம் தேயிலை விற்றவர் அவர்.

“இது மண்ணில்ல மகள். இது தோட்டத்து ஸ்டோர்ல தேயில அரைக்கும்போது கழிச்சு ஒதுக்கிற கழிவுத் தேயில. பூனை தேயிலையிலதான் பழகியிருக்கு. அதுக்கு எங்கட கடையே தட்டுத்தான்” என்றார். பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. “தேயிலக் கடைக்கு மேல கழிவுத் தேயிலச் சாக்கா! யாரும் வந்து பார்த்தா நாம கலப்படம் செய்யிறோம்னுதானே சொல்லுவான்?” என்று, அந்த ஒரு பிடியைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

உன் அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறார். பூனை அங்கே பிறந்தது. அது எதில் பழகியது என்று உனக்குத் தெரியும். எங்கள் கடையில் என்ன இருக்கிறது என்றும் தெரியும். மாடிப்படிக் கதவைத் திறந்து வை என்று எழுதினாய். அந்த ‘அன்புள்ள’வைக் கண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வாப்பா அன்றைக்கே பூனையைச் சாக்கில் போட்டு வேனில் ஏற்றி, ஹாலிஎல மீன்கடைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார். மீன் தலை கிடைக்கும், பட்டினி கிடக்காது என்றார். அங்கே நாய்கள் இருக்குமா என்று நான் கேட்கவில்லை. நீ போய்ப் பார்த்துக்கொள்.

பூனை எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. சந்தோஷமா?

ஷாகிரா


மடுல்சீமை
30.03.2025

ஷாகிரா,

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலவுக்குப் போய் வந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு தனியாகப் போனேன். முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்து, உங்கள் கடையைத் திரும்பியும் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அப்பாவிடம் சொல்லி ஸ்டோரிலிருந்து ஒரு பை கழிவுத் தூள் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மீன்கடைக்குப் பின்னால் பத்திரிகைத் தாளை விரித்து அதில் தூளைக் கொட்டி, “பெக்கோ, பெக்கோ” என்று கூப்பிட்டேன். அந்த வாசத்துக்கு அது எங்கே இருந்தாலும் வரும் என்று நம்பினேன். மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு, “என்ன தங்கச்சி, மீனுக்கு டீ போடுறீங்களா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு செம்பட்டைப் பூனை வந்தது. காது கிழிந்த இன்னொன்று வந்தது. பெக்கோ வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு அப்பாவும் வந்தார். “ஏம்மா, ஒரு பூனைக்குப் போயி இம்புட்டுத் தூரமா?” என்று பஸ்ஸில் கேட்டவர், அங்கே வந்ததும் கல் தரையில் முழங்காலை ஊன்றிப் பலகைகளுக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். மார்க்கட் காவல்காரர், “என்ன தொலைஞ்சிச்சு?” என்று கேட்டபோது அப்பா, “எம்புள்ளையோட பூனைங்க” என்று சொன்னார். ‘பூனைதானே’ என்று சொல்லவில்லை.

நான் செய்ததை இப்போது எழுதுகிறேன். நீ கண்டுபிடித்துவிட்டாய், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். புத்தகத்தின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் ‘செய்யக் கூடாதவை’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. கூடுதல் வாசனை கூடாது. பெரிய மணிகள் கூடாது, பாதம் நோகும். தோடம்பழத் தோலைப் பூனை வெறுக்கும். கடுமையான கிருமிநாசினி கூடாது. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கூடாது. சத்தமுள்ள இடம் கூடாது. பழகிய மணலைத் திடீரென்று மாற்றக் கூடாது. அந்தப் பெட்டியை நான் மேலிருந்து கீழாகத் தலைகீழாக்கி உனக்கு எழுதினேன். எழுதும்போது எனக்கு ஆனந்தமாக இருந்தது. உங்கள் சோபா நாறும், நீ தோற்றுப்போய்ப் பெக்கோவைப் பெட்டியில் வைத்து அனுப்புவாய் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் கஜேந்திரன் அண்ணாவின் பஸ் வரும்போது கீழே வீதிக்கு இறங்கி நின்றேன். அவர் கண்ணாடிக்குள்ளிருந்தே கையை விரித்துக் காட்டுவார்.

பள்ளிவாசல் சாக்கு என்று எனக்குத் தெரியாது. உன் வாப்பாவிடம் அதற்காக மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் எதற்கும் கேட்கமாட்டேன்.

எங்கள் லயத்தில் பூனைக்கு எங்கே இடம் என்று கேட்டாய். பதில் சொல்கிறேன். குசினி அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரண் இருக்கிறது. அதில் இடது பக்கம், சுவரோரமாக, ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன். மடுல்சீமைக் குளிரில் இந்த லயம் முழுவதிலும் மிகச் சூடான இடம் அதுதான். டிசம்பரிலிருந்து அம்மா அந்த இடத்தில் ஒரு சுள்ளிகூட வைக்கவில்லை. உங்கள் சோபாவுக்கு யாராவது அப்படி இடம் விட்டிருக்கிறார்களா?

நாய்கள் இருக்குமா என்று நீ கேட்கவில்லையாம். இருக்கின்றன. ஆறு. நான் எண்ணினேன்.

ஜெயந்தினி


பதுளை
04.04.2025

ஜெயந்திக்கு,

பூனை என் மடியில் இருக்கிறது. பேனா நுனியைக் கடிக்கப் பார்க்கிறது.

அது ஹாலிஎலவுக்குப் போகவே இல்லை. வாப்பா சாக்கை எடுத்தது உண்மை. ‘கொண்டுபோய் விட்டுடுறேன்’ என்று வேனில் ஏறியதும் உண்மை. நான் வேனுக்கு முன்னால் நின்றுகொண்டேன். நோன்போடு நடுத்தெருவில் நின்று மகள் அழுவதைப் பார்க்க அவருக்கு முடியவில்லை. நாசமான அந்தத் தேயிலைச் சாக்கை வீசாமல் மேலே ஏற்றி, அதையே தட்டில் போட்டேன். அன்றிலிருந்து ஒரு துளி வெளியே இல்லை. பதுளையிலேயே மிக உயர்ந்த பூனைத்தட்டு எங்களுடையதுதான்.

நீ வந்ததை நான் பார்த்தேன். முதல் ஞாயிறு நீ மடுல்சீமை பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். கையில் ஒரு பை. நான் மேல் ஜன்னலில் இருந்தேன். பூனையும் ஜன்னலில்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்திருந்தால் கண்டிருப்பாய். கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு ராத்தாவின் ஷல்வாரை நினைத்தேன். மூடிக்கொண்டேன். ஷல்வார் வெளிர்ப் பச்சை நிறம் என்று உன் அம்மாவிடம் சொல்.

இரண்டாம் ஞாயிறு உன் அப்பாவும் இறங்கினார். அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். ஆனாலும் கூப்பிடவில்லை.

ஏன் என்று கேட்பாய். மண்சரிவு வந்தபோது உங்கள் பக்கம் லயங்கள் புதைந்துவிட்டன என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பேசினார்கள். உன் அம்மாவின் போன் ஒன்பது நாள் வேலை செய்யவில்லை. நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமல் ஒன்பது நாள், ஜெயந்தி. பத்தாம் நாள் உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “பெக்கோ சாப்பிடுதா?” அவ்வளவுதான். நான் எப்படி இருக்கிறேன் என்று இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்றும் இல்லை. அன்றைக்குத்தான் இந்தப் பூனையை உனக்குத் தரமாட்டேன் என்று முடிவு செய்தேன். லயத்தைப் பற்றிப் பேசியது, உன்னை நோகடிக்க மிக மோசமான சொல்லாகத் தேடி எடுத்தது. இருந்தாலும் சொன்னவள் நான்தான்.

இப்போது நிலைமை இது. அந்தச் சாக்கில் இன்னும் இரண்டு கிழமைக்குத்தான் தேயிலை இருக்கிறது. “அது முடியிற அன்னைக்குப் பூனையும் வெளிய. விக்கிற தேயிலையில ஒரு கரண்டி தரமாட்டேன். கழிவுத் தேயில இந்தக் கட்டிடத்துக்குள்ள வரவே கூடாது” என்கிறார் வாப்பா. நீ வந்து எடுத்துப் போகலாம். ஆனால் நீயேதான் வர வேண்டும். கஜேந்திரன் அண்ணா கையில் கொடுக்கமாட்டேன்.

ஷாகிரா


மடுல்சீமை
10.04.2025

ஷாகிராவுக்கு,

உன் கடிதத்தைத் தோட்ட ஆபீஸ் படியில் வைத்தே வாசித்தேன். சிரித்தேனா அழுதேனா என்று கிளாக்கர் அய்யாவைத்தான் கேட்க வேண்டும். அவர் உள்ளே போய் ஒரு கப் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா தன் முழங்கால் காயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரி, அந்தப் புள்ள” என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அந்தச் செய்தியைப் பற்றி: அன்றைக்கு முழுத் தோட்டத்துக்கும் ஒரு போனில்தான் உயிர் இருந்தது. பின்னால் வரிசையில் இருபது பேர். ஆளுக்கு ஒரு செய்தி. நீ நன்றாகத்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும், பதுளை நகரம் எங்கே புதையப் போகிறது? பூனையைத்தான் தெரியாது. இப்போது நினைத்தால் வேறு மாதிரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நீ வா என்கிறாய். வரமாட்டேன். நீ ஜன்னலில் காத்திருப்பாய் என்று தெரிந்ததாலேயே வரமாட்டேன். கொஞ்ச நாள் நீயும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிரு.

பெக்கோ உன்னிடமே இருக்கட்டும். வீடு மாற்றி மாற்றி அதைப் பைத்தியமாக்க எனக்கு விருப்பமில்லை. பரணில் அம்மா நேற்றே விறகு அடுக்கிவிட்டாள். ஆனால் சும்மா இருக்கட்டும் என்று சொல்லவில்லை. இதோ என் பழி.

இந்தக் கடிதத்தோடு கஜேந்திரன் அண்ணாவிடம் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். ஸ்டோர்க் கழிவுத் தூளில் பாதிக்குப் பாதி ஆற்று மணலும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கலந்திருக்கிறேன். உன் வாப்பாவிடம் காட்டு. இதைப் பார்த்துக் கலப்படத்துக்கு வைத்திருக்கிறார் என்று எந்த அதிகாரியும் சொல்லமாட்டான். அந்தக் கலவையைத் தேநீராகக் குடிக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் பெக்கோவின் மூக்குக்கு வாசம் போதும். நானும் அப்பாவும் செம்பட்டைப் பூனையை வைத்துப் பரீட்சித்துவிட்டோம். ஆமாம், அதை ஹாலிஎலவிலிருந்து கொண்டுவந்துவிட்டோம். அது எதில் வேண்டுமானாலும் போகும், நல்ல பிள்ளை.

ஒரு பை ஒரு மாதத்துக்குத்தான் வரும். இந்தத் தூள் பதுளைக் கடை எதிலும் கிடைக்காது. எங்கள் ஸ்டோரிலிருந்து, என் அப்பா கையால், என் கையால்தான் வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதமும் நீ என்னிடம் கேட்க வேண்டும். கடிதத்தில். போனில் கேட்டால் கிடைக்காது. ஒரு கடிதத்துக்கு ஒரு பை. ‘பிரின்சஸ்’ என்று எழுதியிருந்தால் அந்த மாதம் பை இல்லை.

இன்னொன்று. எந்தப் பூனையையும் எந்த மணலுக்கும் மாற்ற ஒரு முறை இருக்கிறது. ஆறே கிழமையில் முடிந்துவிடும். அதன்பிறகு உனக்கு என் தயவே தேவையில்லை. எனக்கு அந்த முறை தெரியும். புத்தகத்தில் இருக்கிறது. உனக்குச் சொல்லமாட்டேன்.

ஜெயந்தினி


பதுளை
09.05.2025

ஜெயந்திக்கு,

பெக்கோவுக்குத் தூள் முடிந்துவிட்டது.

பெக்கோ. எழுதிவிட்டேன். எண்ணிக்கொள், இரண்டு தரம்.

வாப்பா முதலில் உன் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, “இந்தக் கலவை நல்ல மூளைக்காரி செஞ்சது. எங்கட எதிரியா இருக்கிறதுதான் கவலை” என்றார். ராத்தா இப்போது என்னோடு பேசுகிறார். உன்னோடு பேசமாட்டாராம், ஹஜ் பெருநாளுக்கு முந்தி பச்சைச் சீலை ஒன்று வந்தால் யோசிப்பாராம். உன் அப்பாவின் முழங்காலுக்கு உம்மா ஒரு எண்ணெய் தந்திருக்கிறார், கஜேந்திரன் அண்ணாவிடம் கொடுத்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தியதற்கு அது.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனேன். நீ சொல்லமாட்டேன் என்றதைத் தேட எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? புத்தகம் மேல் தட்டில் இருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்துப் பெட்டியைப் பார்த்தேன். நீ தலைகீழாக்கியது நல்ல வேலை, ஒரு வரியையும் விட்டுவைக்கவில்லை. பிறகு நாற்பத்தொன்றாம் பக்கம். ஒவ்வொரு கிழமையும் மணலைக் கொஞ்சம் கூட்டி, பழகியதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இவ்வளவுதான் உன் பெரிய இரகசியம். ஒரு சின்னப் பிள்ளையும் செய்யும்.

வாசித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். மேல் தட்டில் இல்லை, விவசாயப் புத்தகங்களுக்குப் பின்னால். இனி யாருக்கும் கிடைக்காது.

பை அனுப்பு. போன தரம் அனுப்பியதுபோல் பெரிதாக வேண்டாம். சின்னது போதும், சீக்கிரம் முடிகிற மாதிரி.

ஷாகிரா